கொக்கி இல்லாத வீடு

"சுவத்துக்குள்ள என்ன இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

எதிர்வீட்டு வில்பெர்த் என்னிடம் இப்படிக் கேட்டது ஒரு வெள்ளிக்கிழமை காலை. ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவன் அவன். எப்போதும் கண்ணிமையில் மாவு ஒட்டியிருக்கும். அன்றைக்கு மாவு இருக்கிற இடத்தில் சிமெண்டுத் தூள். ருசெல் மாமாவின் ஹார்டுவேர் கடையில் பலகைக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். பதில் என் வாய்க்குள்தான் இருந்தது, வெளியே வர மறுத்தது. ஏழாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதே இந்த வாயால்தான். டீச்சர் பெயரைக் கூப்பிட்டால் 'இருக்கேன்' என்று சொல்லத் தெரியாமல், தினமும் போயும் அந்த வருடம் முழுக்க வராதவளாகவே இருந்தேன்.

அந்தக் கேள்வி எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் மொத்தூலில் வீடு பார்க்க வருகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் சுவரைத்தான் பார்ப்பார்கள். கையைத் தூக்கினால் எட்டுகிற உயரத்தில் எத்தனை கொக்கி இருக்கிறது என்று எண்ணுவார்கள். ஆறு கொக்கி என்றால் மூன்று வலைத்தூளி கட்டலாம், மூன்று பேர் தூங்கலாம். பிறந்த அன்றைக்குத் தூளியில் போட்டால் கடைசிவரை அதிலேயே ஆடிக்கொண்டு தூங்குகிற ஜனம் நாங்கள். ஆனால் ஊருக்கு வடக்கே எங்கள் குடியிருப்பைக் கட்டிக்கொடுத்தவர்கள் கட்டிலில் தூங்குகிற ஊர்க்காரர்கள் போலிருக்கிறது. நாற்பது வீடு, நாற்பதிலும் ஒரு கொக்கி கிடையாது.

வில்பெர்த்தும் அவன் பெண்டாட்டி நெல்சியும் ஐந்து வருடம் காத்திருந்து அந்த வீட்டுக்கு வந்தார்கள். வந்தபோது நெல்சிக்கு ஏழு மாதம். முதல் நாளே ஜன்னல் கம்பியில் தூளியைக் கட்டினார்கள். கம்பி கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, அப்போது தூளியில் கிடந்தது துவைத்த துணி மட்டும். அதற்கப்புறம் மூன்று வாரமாக நெல்சி கட்டிலில் புரண்டுகொண்டிருந்தாள். மே மாத வெயில் ஜூனிலும் தொடர்ந்தது. சாயங்காலம் கடைக்கு வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடுவாள். ஐந்து நிமிடம். அதுதான் அவளுடைய தூக்கம்.

"மெத்தையா அது? ரொட்டிக்கல்லு. இந்தப் பக்கம் வெந்ததும் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கணும்" என்பாள்.

தெல்சாக் என்கிற ஊரிலிருந்து அவளுடைய அப்பா தோன் மெல்ச்சோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தார். 'தோன்' எங்கள் பக்கத்து மரியாதைச் சொல், பெண்களுக்கு 'தோன்யா'. பன்றி வளர்த்து விற்கிறவர். ஆளும் அவர் விற்கிற சரக்கைப் போலவே திடமாக இருப்பார். மகளின் கண்ணைச் சுற்றியிருந்த கருப்பைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். வண்டியிலிருந்து சுத்தியலையும் ஒரு கெட்டியான மரமுளையையும் எடுத்துவந்தார்.

"எங்க தாத்தா கட்டின வீட்ல ஆணியே கிடையாதுடா மருமகனே. எல்லாம் சப்போட்டா மரத்து முளை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல அடிச்சா சுவரு இடிஞ்சாலும் முளை நிக்கும். தள்ளி நில்லு, பாத்துக் கத்துக்க."

"மாமனாரே, இது கல்லுச் சுவரு இல்ல…"

"சுவருன்னா சுவருதான். மூலையிலேருந்து ஒரு முழம் தள்ளி. எங்க ஊர்ல அதான் கணக்கு."

மூன்றாவது அடியில் சுவர் வாயைத் திறந்தது. முளை உள்ளே விழுந்து எங்கோ கீழே உருளும் சத்தம் கேட்டது. தோன் மெல்ச்சோர் ஓட்டைக்குள் கையை விட்டார், மணிக்கட்டு வரை போயிற்று.

"உள்ள ஒண்ணுமே இல்லையே! இது வீடா பிஸ்கட்டா?"

"ஹாலோ பிளாக்கு, அப்பா. உள்ள காத்துதான் இருக்கும்" என்றாள் நெல்சி.

"காத்தையா உங்க தலையில கட்டிட்டானுங்க?" சுத்தியலைக் கீழே வைத்தார். "இங்க பாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை பெரிய வண்டியோட வரேன். அதுக்குள்ள ஒரு தூளி தொங்குச்சுன்னா சரி. இல்லேன்னா உன்னையும் உன் துணிப்பெட்டியையும் ஏத்திட்டுப் போயிடுவேன். பிள்ளை நம்ம வீட்ல பொறக்கட்டும். அங்க இருபது கொக்கி இருக்கு."

"இருபது கொக்கியிலயும் அத்தைங்க தொங்குறாங்க."

"தொங்கட்டுமே! ஆளுக்கு ஒரு நாள் உன்னைப் பாத்துக்குவாங்க."

அவர் போன பிறகு நெல்சி கடைக்கு வந்தாள். வழக்கமாகக் கண்ணை மூடுகிறவள் அன்றைக்கு மூடவில்லை.

"எங்க அக்கா பிரசவத்துக்குன்னு போனாளே, தெரியுமா லீஹியா? நாப்பது நாள்னு போனா. அவ பையன் இப்ப ஒண்ணாங்கிளாஸ் படிக்கிறான். இன்னும் அங்கதான் இருக்கா. அவ புருஷன் ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை விருந்தாளி மாதிரி வந்து குழந்தையைப் பாத்துட்டுப் போறான். எனக்கு என் வீட்ல பெத்துக்கணும். என் புருஷன் பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதான். பெரிய ஆசையா இது?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்கிற ஆட்டம்தான்.

வியாழக்கிழமை வில்பெர்த் கடைக்கு வந்தான். ருசெல் மாமா வாடகைக்கு விடுகிற மெஷின்களில் பெரியது ஒன்று உண்டு. தரையை உடைக்கிற மெஷின். இரண்டு கையாலும் தூக்க வேண்டும். வருடத்தில் நான்கு தடவைதான் வெளியே போகும் என்பதால் யார் எதற்கு வந்தாலும் மாமா அதைத்தான் காட்டுவார்.

"கொக்கி மாட்டணுமா? இதை எடுத்துட்டுப் போ. சுவரு எதுத்தே பேசாது."

"கொஞ்சம் பெருசா இருக்கே, தோன் ருசெல்?"

"உன் மாமனாரும் பெரியவருதானே? அவரைத் தாங்கணுமில்ல?"

அது சுவரை இடிக்கிற மெஷின், துளை போடுகிறது இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. திருகாணிகளை அளவு பார்த்துப் பிரிக்கிறவள் போலக் குனிந்துகொண்டேன். அவன் அதைக் குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு தெருவைக் கடந்தான்.

ஐந்து நிமிடம் எங்கள் கடைக் கண்ணாடிகூட அதிர்ந்தது. பிறகு சத்தம் நின்றது. பிறகு ஒரு பெண்குரல். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற பக்கத்து வீட்டு தோன்யா மிர்னா காலண்டர் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் வந்து நின்றாள். கிறிஸ்துமஸ் கதையில் வருகிற மூன்று ராஜாக்கள் ஒட்டகத்தில் போகிற படம்.

"வில்பெர்த்! வெளிய வாடா! பீன்ஸ் கிளறிக்கிட்டு இருக்கேன், சுவத்துலேருந்து ஒரு இரும்பு மூக்கு எட்டிப் பாக்குது! பாரு, மூணு ராஜாவுல ஒருத்தருக்கு முகமே இல்ல. யாருன்னு பாத்தியா? மெல்ச்சோர்!"

"ஐயோ, என் மாமனார்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க தோன்யா."

"பீன்ஸ்ல சிமெண்டு. அதை என்ன பண்றது?"

"ஊத்தி வச்சா நாளைக்கு அதுலயே கொக்கி மாட்டலாம்" என்று உள்ளேயிருந்து நெல்சி சொன்னாள். அப்புறம் மூன்று பேருமே சிரித்தார்கள். நெல்சிதான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். வாசலில் உட்கார்ந்து வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் அந்த வருடத்தின் முதல் பெரிய மழை வந்தது. தெரு முழுக்கச் சூடான மண்வாசனை. அரைமணி நேரம் கொட்டிவிட்டு நின்றது. கடையில் ஆள் இல்லை. நான் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நனைந்த சுவர் காய்கிறபோது எல்லா இடமும் ஒன்றுபோலக் காய்வதில்லை. ஹாலோ பிளாக் தண்ணீரைக் குடித்துவிட்டு வெகுநேரம் கருப்பாகவே இருக்கும். கம்பி வைத்து வார்த்த கான்கிரீட் அவ்வளவு குடிக்காது, சீக்கிரம் வெளுத்துவிடும். போன வருட மழையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். வேறு வேலை இல்லாதவளுக்கு இதெல்லாம் கண்ணில் படும். இப்போது நெல்சி வீட்டு முன்சுவரில், ஜன்னலுக்கு வலதுபுறம், மேலிருந்து கீழாக ஒரு வெளிறிய பட்டை தெரிந்தது. விரித்த கையின் அகலம். சுவருக்குள் தூண் மறைந்திருக்கிற இடம். மூலையிலிருந்து ஒரு முழமும் இல்லை, இரண்டு முழமும் இல்லை. எங்கோ நடுவில், கட்டினவன் இஷ்டத்துக்கு.

தெருவைக் கடந்து போய் சாக்பீஸால் பட்டையின் இரண்டு ஓரத்திலும் கோடு போட்டேன். வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்சுவரிலும் ஒன்றைக் கண்டுபிடித்துக் கோடு போட்டேன். யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பெரிய மெஷினைத் திருப்பிக் கொடுக்க வில்பெர்த் வந்தான். ருசெல் மாமா யோசனை மேல் யோசனை சொன்னார்.

"ஓட்டைதான் அந்தப் பக்கம் வரைக்கும் போயிடுச்சே. நல்லதாப் போச்சு. நீள போல்ட் போட்டு மிர்னா வீட்ல நட்டு மாட்டிடு."

"அவங்க கோவத்துல நட்டைக் கழட்டிட்டா?"

"அவகிட்ட ஸ்பேனர் இருக்கா என்ன?"

வில்பெர்த் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தான். எனக்குக் காது சூடானது.

"அங்க தூண் இல்ல" என்றேன். பலகையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். கடையில் மூன்றாவது ஆள் ஒருத்தர் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது போல. அப்போதுதான் வில்பெர்த் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"மழை" என்று மட்டும் என் வாயில் வந்தது. அது போதவில்லை. பலகையின் மடிப்பைத் தூக்கிவிட்டு வெளியே வந்து, தெருவைக் கடந்து, சாக்பீஸ் கோட்டின் மேல் கையை வைத்தேன். வில்பெர்த் சுத்தியல் காம்பால் அங்கே தட்டினான். கெட்டியான சத்தம். நாலு விரல் தள்ளித் தட்டினான். தகரடப்பா சத்தம். திரும்பவும் இங்கே, திரும்பவும் அங்கே. தெருவே பார்க்கும்படி என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தான். செத்துப்போகலாம் என்று இருந்தது எனக்கு.

"நெல்சி! வீட்டுக்கு எலும்பு இருக்குடி!"

கடைக்குத் திரும்பினதும் பேச்சு கொஞ்சம் சுலபமாயிற்று. கையில் சாமான் இருந்தால் எனக்குப் பேச வரும். மூன்று மெஷினைப் பலகையில் வைத்தேன்.

"இது சுத்தும், ஆனா குத்தாது. மரத்துக்குத்தான் ஆகும். கான்கிரீட்ல வச்சா முனைதான் மழுங்கும். நீ கொண்டு போனது குத்தும், ஆனா சுத்தாது. இது ரெண்டும் செய்யும். சுத்திக்கிட்டே குத்தும். ஹேமர் டிரில்."

"இவ்வளவு சின்னதா இருக்கே."

"ஓட்டையும் சின்னதுதானே."

ருசெல் மாமா என்னைப் பார்த்தார். "ஏய், இவளுக்கு இவ்வளவு பேச வருமா?" என்று யாரிடமோ கேட்பது போலக் கேட்டுவிட்டு, துளை போடுகிற பிட்டுகளில் நுனியில் நாலு வெட்டு உள்ள நல்லதை அவராகவே டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

வெளியே ஜன்னல் விளிம்பிலிருந்து சாக்பீஸ் கோடு எத்தனை விரல் தள்ளி இருக்கிறது என்று அளந்து, அதே அளவை உள்ளே குறித்தோம். ஆழம் தெரிய பிட்டில் ஒரு துண்டு டேப் ஒட்டினேன். நெல்சி மிளகாய்த்தூள் போட்ட மாங்காயைத் தின்றுகொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தோன்யா மிர்னா தன் பக்கத்தைக் காவல் காக்கப் போயிருந்தாள். பெரிய மெஷின் போட்ட ஓட்டை வழியாக அவள் குரல் வந்தது.

"நான் இங்கதான் நிக்கிறேன். ஏதாவது வந்துச்சுன்னா கரண்டியால அடிப்பேன்."

"உங்க பக்கமே வராது தோன்யா, இது முன்சுவரு!"

"போன தடவையும் அப்படித்தான் சொன்ன!"

டிரில் வெண்ணெயில் போவது போல உள்ளே போயிற்று. சாம்பல் நிறத் தூள் கொட்டியது. பாதி ஆழத்தில் சத்தம் மாறியது. கீச்சென்று ஒரு இழுப்பு. வில்பெர்த் தோளைக் கொடுத்து அழுத்தினான்.

"நிறுத்து!" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "கம்பியில முட்டுது. அதை வெட்டக்கூடாது, தூணுக்கு அதுதான் பலம். ரெண்டு விரல் மேல போடு."

இரண்டு விரல் மேலே இன்னொரு துளை. இந்தத் தடவை டேப் வரை போயிற்று. பின்சுவரில் ஒரே முயற்சியில் முடிந்தது.

கொக்கிக்கு மாமா ஆங்கர் போல்ட் கொண்டுவந்திருந்தார். முறுக்க முறுக்க உள்ளே விரிந்து பிடித்துக்கொள்கிற வகை. நல்ல சாமான்தான். ஆனால் தூணின் அகலம் ஒரு விரித்த கை. உள்ளே விரிந்தால் ஓரம் வெடிக்கும். இதை எப்படிச் சொல்வது என்று நான் தேடுவதற்குள் வில்பெர்த்தே போல்டைக் கையில் உருட்டிப் பார்த்துச் சொன்னான்.

"சின்ன டின்னுல நிறைய ஈஸ்ட் போட்ட மாவு மாதிரி ஆயிடாதா? பிதுங்கிடுமே?"

"ஆமா. அதனால பசை" என்றேன். "ரெண்டு டப்பா. கலந்தா கல்லாயிடும். விரியாது, அப்படியே பிடிச்சுக்கும். ஆனா அடியிலேருந்து நிரப்பிக்கிட்டு வரணும். நடுவுல காத்து நிக்கக்கூடாது. இந்த வெயில்ல கால் மணி நேரம்தான். அப்புறம் இறுகிடும்."

பசையைத் தள்ளுகிற துப்பாக்கியின் விசை போன மாதமே உடைந்திருந்தது. மாமா தலையைச் சொறிந்தார். வில்பெர்த் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது கையில் கேக்குக்குக் கிரீம் பிழிகிற கூம்புப்பை இருந்தது.

"முதலாளி கேட்டா இதைப் பாக்கவே இல்லன்னு சொல்லு" என்றான் நெல்சியிடம்.

அதுவரை தெருவுக்கே சிரிப்பாக இருந்த கை அது. இப்போது பார்க்க வேண்டும். சைக்கிள் பம்பால் துளையை ஊதினான். பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷால் தேய்த்தான், மறுபடியும் ஊதினான். "தூளு இருந்தா ஒட்டாது. மாவு தூவின பலகையில மாவு ஒட்டுமா?" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டான். வெள்ளைப் பசையையும் கருப்புப் பசையையும் தட்டில் கொட்டி, கோடு ஒன்றும் தெரியாமல் ஒரே சாம்பல் ஆகும்வரை மடித்து மடித்துக் கலந்தான். பையில் வழித்துப் போட்டு, மூக்கைத் துளையின் அடிவரை விட்டு, பிழிந்துகொண்டே மெல்லப் பின்னால் வந்தான். ஒரு குமிழி கிடையாது. மரை வெட்டிய கொக்கியைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே தள்ளினான். விளிம்பில் வழிந்ததை விரலால் வழித்தவன், பழக்கத்தில் அந்த விரலை வாய்க்குக் கொண்டுபோனான்.

"டேய்!" என்று நாங்கள் மூன்று பேரும் கத்தினோம்.

சனிக்கிழமை முழுக்க யாரும் அதைத் தொடக்கூடாது என்று நெல்சி இரண்டு கொக்கிக்கும் கீழே நாற்காலி போட்டுத் தடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கே தோன் மெல்ச்சோர் பன்றி ஏற்றுகிற லாரியோடு வந்துவிட்டார். பின்பக்கத்தைக் கழுவி, பெட்டி கட்டக் கயிறெல்லாம் போட்டுக்கொண்டு. உள்ளே வந்தார். முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை, கூடத்துக்குக் குறுக்கே, மஞ்சளும் நீலமுமாகத் தூளி தொங்கியது.

"எதால நிக்குது?"

"பசை, மாமனாரே."

"பசையா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க காகிதம் ஒட்டுமே, அதா? என் மகளைப் பசையில தொங்கவிடுறியா? போன வருஷம் என் ஆண்பன்னியைத் தூக்கினோம். நூத்தம்பது கிலோ. இரும்புச் சங்கிலியே அறுந்துச்சு. என்ன நடந்துச்சு தெரியுமா? பக்கத்து வீட்டு ஃபெர்மின் மேல…"

"அப்பா, உட்காருங்க" என்றாள் நெல்சி. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் துணிப்பெட்டி அறைக்குள் பூட்டுத் திறந்தபடி பாதி அடுக்கிக் கிடந்ததை நான் பார்த்திருந்தேன்.

அவர் உட்கார்ந்தார். கயிறு முனகியது. வில்பெர்த்தின் உதடு அசைந்தது, எந்தப் புனிதரைக் கூப்பிட்டானோ. கொக்கி அசையவில்லை. தோன் மெல்ச்சோர் இரண்டு காலையும் தூக்கினார். குதித்தார். "நீயும் வாடா" என்று மருமகனைப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். இரண்டு பேருமாகக் குதித்தார்கள்.

"மிர்னா! நீயும் வா!"

"என் வீட்டு ராஜாவுக்கு முகம் போனது போதாதா?" என்று சொல்லிக்கொண்டே தோன்யா மிர்னாவும் ஏறினாள். மூன்று பேரும் ஒரே மூட்டையாகப் பிதுங்கிக்கொண்டு ஆடினார்கள். நான் துளையின் விளிம்பையே பார்த்தேன். மயிரிழை விரிசல்கூட இல்லை.

"ம்" என்றார் தோன் மெல்ச்சோர். "நிக்குதுதான். ஆனா ஒரு கொக்கி நிக்குதுன்னு பிரசவம் ஆயிடுமா? அங்க ஊர்ல அத்தைங்க எல்லாம் தயாராக் காத்திருக்காங்க. சாப்பிட்டுட்டு யோசிப்போம்."

சாப்பிட உட்கார்ந்தோம். நாரத்தைச் சாற்றில் ஊறி இலையில் வெந்த பன்றிக்கறி, வெங்காயம், சூடான சோள ரொட்டி, பூசணிவிதைத் துவையல். நெல்சி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "நான் கொஞ்சம் படுத்துப் பாக்குறேன்" என்று எழுந்துபோனாள். தூளியில் குறுக்காகச் சாய்ந்து ஒரு காலைச் சுவரில் ஊன்றித் தள்ளிக்கொண்டாள்.

தோன் மெல்ச்சோர் நிறுத்தவில்லை. தெல்சாக்கில் எந்த மருத்துவச்சி நல்லவள், எந்த அத்தைக்கு எந்தக் கஷாயம் தெரியும், லாரியில் மெத்தையை எப்படிப் போட்டால் பள்ளத்தில் குலுங்காது என்று சொல்லிக்கொண்டே போனார். "மூத்தவளுக்கும் நான்தான் வண்டி ஓட்டினேன். அவ வழியெல்லாம் அழுதா, ஆனா அப்புறம்…"

சுவரைத் தள்ளிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. வயிறு ஏறி இறங்கியது. மூன்று வாரத் தூக்கமும் ஒரேயடியாக வந்து அவள்மேல் விழுந்திருந்தது. தூளி மட்டும் இன்னும் சிறிது ஆடிக்கொண்டிருந்தது.

தோன் மெல்ச்சோர் மகளைப் பார்த்தார். வில்பெர்த் கையில் பாதி ரொட்டியோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவர் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வெறுங்காலோடு, தூளியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு, வாசலுக்குப் போனார்.

லாரியில் ஏறிச் சாவியைப் போட்டவர் திருகவில்லை. அந்த இன்ஜின் சத்தம் ஊருக்கே தெரியும். ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பின்னால் காட்டினார். வில்பெர்த்துக்குப் புரிந்தது. அவனும் நானும், தோன்யா மிர்னாவும், கடையிலிருந்து ஓடிவந்த ருசெல் மாமாவும் லாரியின் பின்னால் கையைக் கொடுத்தோம். மத்தியான வெயிலில் தார் காலைச் சுட்டது. யாரும் பேசாமல், நாலு வீடு, எட்டு வீடு, பன்னிரண்டு வீடு தாண்டி, காலி லாரியைத் தெருமுனை வரை தள்ளினோம். அங்கேதான் அவர் இன்ஜினைப் போட்டார். தொப்பியை ஒருமுறை தலையிலிருந்து எடுத்து மறுபடி வைத்துக்கொண்டு, தெல்சாக் சாலையில் திரும்பிப் போய்விட்டார்.